குணலட்சுமியைத் திருப்பி அழைத்துக்கொள்ளும்படி

மானிப்பாய்,
ஆடி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்பும் மரியாதையும் நிறைந்த பெரியம்மா அறிய, மகள் பத்மாசினி எழுதுவது.

இங்கே அம்மாவும் ஐயாவும் சுகம். நானும் முக்கால்வாசி சுகம். அங்கே உங்கள் சுகத்தையும் பெரியப்பாவின் முழங்கால் சுகத்தையும் அறிய ஆசை. இந்தக் கடிதத்தின் நோக்கம் ஒன்றே ஒன்று. உங்கள் மகள் குணலட்சுமியைத் தயவுசெய்து கொக்குவிலுக்குத் திருப்பி அழைத்துக்கொள்ளுங்கள். நேரில் வந்து சொல்லியிருப்பேன். ஆனால் என்னை உங்களுக்குத் தெரியும். உங்கள் விறாந்தையில் அரை நாள் இருந்து, தேத்தண்ணீரும் குடித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்துவிடுவேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் எழுத்தில் எனக்குக் கூச்சம் குறைவு.

எனக்கு நடந்ததை முதலில் நானே ஒருமுறை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இப்போது ஊரில் உலாவுவது குணம் சொல்லும் கதை. பங்குனியில் குண்டு போடும் பொம்மர் வந்த அன்று எல்லோரும் வளவில் வெட்டிய பங்கருக்குள் இறங்கினார்கள், நான் மட்டும் விழுந்தேன். பொம்மர் ஒன்றும் செய்யாமல் போய்விட்டது, என் வலது கால் முறிந்தது. பிளாஸ்டர் போட்ட காலோடு வாரக்கணக்கில் கட்டிலில் கிடந்தேன். பிறகு ஒருநாள் காலை சீப்பால் தலை இழுக்கக் கையைத் தூக்கியபோது மூச்சுப் பாதியில் நின்றது. உள்ளே இழுத்தால் விலாவில் கத்தியால் குத்தியதுபோல் இருந்தது. காலில் உறைந்த இரத்தக் கட்டி ஒன்று மேலே ஏறிச் சுவாசப்பைக்குப் போகும் குழாயை அடைத்துவிட்டதாம். ஆசுப்பத்திரியில் ஊசி, ஒட்சிசன், பிறகு இரத்தத்தை இளக்குகிற குளிசை. “பிள்ளை பிழைச்சது பெரிய காரியம்” என்று டொக்டர் சொன்னார். என் வாழ்நாளில் என்னைப் பற்றி யாரும் சொன்ன ஒரே பெரிய காரியம் அதுதான். அதைத்தான் உங்கள் மகள் எடுத்துக்கொண்டாள்.

அந்தக் குளிசை குடிக்கும் காலம் முழுவதும் வெட்டுக்காயம் படக்கூடாது, இரத்தம் நிற்காது என்றார்கள். அம்மா கத்தி, ஊசி, தேங்காய் துருவும் திருவலை எல்லாவற்றையும் என் கண்ணில் படாமல் ஒளித்துவிட்டார். கோழிகூட என் பக்கம் வரக்கூடாது, கொத்திவிடுமாம். அப்போதுதான் நீங்கள் உதவிக்கென்று குணத்தை அனுப்பினீர்கள். வந்த அன்றே தேங்காய்ப்பால் விட்டுச் சொதி வைத்தாள். ஐயா இரண்டாம் தரமும் விட்டுச் சாப்பிட்டுவிட்டு, “இதல்லோ சொதி” என்றார். இவ்வளவு வருடமும் நான் வைத்ததற்கு என்ன பெயர் என்று கேட்கவில்லை. கேட்டால் மூச்சு வாங்கும்.

அடுத்தது, நோயாளியின் வருத்தம் பார்க்க வருகிறவர்கள். யாராவது வாசல் படலையைத் திறந்தால் நான் அறைக்குள் போய்விடுவேன். அது என் பழக்கம். குணம் விறாந்தைக்குப் போய்விடுவாள். அது அவள் பழக்கம். போன கிழமை தங்கமுத்து மாமி தோடம்பழத்தோடு வந்து நேரே குணத்தின் கையைப் பிடித்தார்.

“என்ரை பிள்ளை, என்னமாய் உருக்குலைஞ்சு போனாய். இப்ப மூச்சு எப்பிடி?”

“பரவாயில்லை மாமி. உள்ளை இழுக்கேக்கைதான் கொஞ்சம் பிடிக்குது.”

கதவிடுக்கால் பார்த்துக்கொண்டு நின்றேன், பெரியம்மா. என் மூச்சுத்திணறலை அவள் என்னைவிட நன்றாகச் செய்தாள். நெஞ்சில் கை வைத்து, பாதியில் நிறுத்தி, கண்ணை மூடி. மாமி அழுதேவிட்டார். அவர் போன பிறகு, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

“அவ ஆள் மாறிப் பிடிச்சிட்டா. நான் இல்லை எண்டால் உன்னைக் கூப்பிடச் சொல்லுவா. நீ வருவியே?”

வரமாட்டேன்தான். அதற்காகத் தோடம்பழத்தில் பாதியை அவள் சாப்பிடலாமா?

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பேன். பொறுக்க முடியாதது நேர்த்தி. நான் ஆசுப்பத்திரியில் கிடந்தபோது, பிள்ளை பிழைத்தால் நல்லூர் முருகன் தேரன்று அடியழிக்க வைப்பேன் என்று அம்மா வேண்டியிருக்கிறார். ஓரடி வைத்து, விழுந்து கும்பிட்டு, எழும்பி, அடுத்த அடி. தேருக்குப் பின்னால் வீதி முழுவதும் மணலில் அப்படியே. டொக்டர் அதைக் கேட்டுவிட்டு, இந்த வருடம் நினைக்கவே கூடாது என்றார். “நடக்கச் சொல்லியல்லோ விட்டனான். படலைக்கு அங்காலை நடக்கிறாளோ?”

நடக்கவில்லை. உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன், எனக்குப் பயம். ஒவ்வொரு மூச்சும் முழுதாகப் போய் முழுதாக வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். படுத்தால் நின்றுவிடும் என்று தலையணையை அடுக்கி, இருந்தபடி நித்திரை கொள்கிறேன். வீட்டில் நான் சுகமாகிவிட்டேன் என்கிறார்கள். சுகமான ஆளிடம் யாரும் பயமா என்று கேட்பதில்லை.

டொக்டர் மறித்த அன்று குணம் சட்டி கழுவியபடியே, “நான் அடியழிக்கிறன் சின்னம்மா. அவளும் நானும் ஒரு இரத்தம்தானே” என்றாள். அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். பிழைத்தது நான், விழுந்து கும்பிடுவது அவள். முருகன் பார்த்து, இந்தப் பிள்ளையைத்தான் காப்பாற்றினேனாக்கும் என்று நினைத்துவிட்டால்? தங்கமுத்து மாமி இரண்டு ஒழுங்கை தள்ளி இருப்பவர், அவரே ஆள் மாறிப் பிடித்தார். முருகன் நல்லூரில் அல்லவா இருக்கிறார்.

நேற்று நடந்தது இன்னும் மோசம். குணம் சண்முகநாதன் அண்ணையின் கடைக்கு அரிசி வாங்கப் புறப்பட்டாள். அங்கே போனால் என் கதையைச் சொல்லாமல் வரமாட்டாள். என்ன சொல்கிறாள் என்று கேட்க, படலையைத் திறந்து வேலியோரமாகப் பின்னாலேயே போனேன். நினைத்தபடியே, அன்று தானும் பக்கத்தில் இருந்ததுபோல் சொல்லிக்கொண்டு நின்றாள்.

“மூச்சு நிக்கிற அந்த நேரம் எங்களைப் பாத்து ஒரு சிரிப்புச் சிரிச்சாள் அண்ணை, இனிக் காணமாட்டன் எண்டமாதிரி.”

“நான் சிரிக்கேல்லை” என்றேன். அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். கடையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த இடத்திலேயே செத்துப்போயிருக்கலாம். குணம் மட்டும் அசையவில்லை.

“இவ்வளவு தூரம் வந்திட்டியே? அப்ப பையிலை ஒரு காதைப் பிடி.”

ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வந்தோம். பாதி வழியில்தான் எனக்கு விளங்கியது, போகும்போது மூச்சை ஒருதரமும் பார்க்கவில்லை என்று. ஆத்திரத்தில் அது தன் பாட்டில் போய் வந்திருக்கிறது. இதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அதையும் தான்தான் செய்ததாக ஊருக்குச் சொல்வாள்.

ஆகவே பெரியம்மா, பெரியப்பாவின் முழங்காலைச் சாட்டியாவது அவளைத் தேருக்கு முன் அழைத்துக்கொள்ளுங்கள். என் நேர்த்தியை அடுத்த வருடம் நானே செய்வேன்.

உங்களுக்குக் குறைவில்லாத சுகமும், பெரியப்பாவுக்கு நன்றாக மடங்கும் முழங்காலும், உங்கள் வளவு மாமரத்துக்கு நிறையக் காயும் கிடைக்க வேண்டிக்கொண்டு,

என்றும் உங்கள் சொற்கேட்கும்,
பத்மாசினி.

பி.கு.: தபால் எப்போது வந்து சேரும் என்று தெரியாததால் இதைக் குணத்திடமே சைக்கிளில் கொடுத்தனுப்புகிறேன். ஒட்டினாலும் உடைத்துப் படிப்பேன் என்றாள், அதனால் இப்போதே படிக்கக் கொடுத்துவிட்டேன். சொதி பற்றி எழுதியது முழு உண்மை என்கிறாள். பயம் பற்றி எழுதிய இடத்தை இரண்டு தரம் படித்தாள். பிறகு, “இண்டைக்கு உன்ரை கட்டிலுக்குக் கீழை பாய் போடுறன், மூச்சு நிண்டால் எழுப்பு” என்றாள். நின்றால் எப்படி எழுப்புவது என்று கேட்டேன். “அப்ப நான் எழுப்புறன்” என்றாள். நேர்த்திக்கும் ஒரு வழி சொன்னாள். “நான் விழுந்து எழும்பி வாறன், நீ பக்கத்திலை நடந்து வா. ஆருக்கு வருத்தம் எண்டு சனம் கேட்டால் நான் வாய் திறக்கமாட்டன். நீதான் சொல்லவேணும்.” ஓம் என்றுவிட்டேன். ஆகவே மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிட்டு, அவளுக்குச் சோறு கொடுத்து, பொழுதுபடுவதற்குள் இங்கே அனுப்பிவிடுங்கள். நடை எனக்குப் பிடிபட்டுவிட்டது. “எனக்குத்தான்” என்று சத்தமாகச் சொல்வதற்குத்தான் இன்னும் பழக வேண்டும், அதற்கு எதிரில் நின்று கேட்க ஒரு ஆள் வேண்டும்.