வாசலிலிருந்து ஆல்டர் வரை

"மறுபடியும் காலு இழுக்குது நைனா," என்றாள் மகள் தபிதா.

"எங்க இழுக்குது? நல்லாத்தானே வர்றேன்!" என்று எரிந்து விழுந்தார் ஏசுரத்தினம். இழுக்கத்தான் செய்தது. அது அவருக்கே தெரிந்ததுதான் எரிச்சல்.

சித்தூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் முப்பது வருஷம் டிரில் மாஸ்டராக இருந்தவர். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் லெஃப்ட் ரைட் சொல்லிக் கொடுத்த மனுஷன், மகள் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போன இடத்தில், பங்காருபாளையம் மண்டி வாசலில், அழுகின மாம்பழம் ஒன்றை மிதித்து விழுந்தார். வலது கணுக்கால் எலும்பு முறிந்தது. திருப்பதியில் ஆபரேஷன் செய்து, பிளேட்டும் ஏழு ஸ்க்ரூவும் வைத்து அனுப்பினார்கள். கல்யாணத்தையே தள்ளி வைத்தார்கள். தள்ளி வைத்த தேதிக்கும் இப்போது மூன்று வாரம்தான் பாக்கி.

சர்ச் வாசலிலிருந்து பாதிரியார் நிற்கும் ஆல்டர் வரைக்கும் மகளைக் கைப்பிடித்துக் கூட்டிப் போக வேண்டியவர் அவர். முடியாவிட்டால் மச்சினன் ஜாபேஸ் கூட்டிப் போவான். அவன் இப்போதே கோட்டு தைக்கக் கொடுத்துவிட்டதாகக் கேள்வி.

"குதிகாலை முதல்ல வைங்க, அப்புறம் விரலு," என்றிருந்தார் பிசியோதெரபி டாக்டரம்மா. குதிகாலையே பார்த்துக்கொண்டு நடந்ததில் ஏசுரத்தினம் பீரோவில் முட்டிக்கொண்டார்.

"தரையப் பாக்காதீங்க!" என்று கத்தினாள் மனைவி ஜெபமணி. நிமிர்ந்து நடந்தார். காயப் போட்டிருந்த வடகம் அத்தனையும் கூழாயிற்று.

ஒரு கால் குட்டையாகிவிட்டதோ என்று அடுத்த சந்தேகம். யாருக்கும் சொல்லாமல் வலது ஷூவுக்குள் அட்டையை மடித்து வைத்தார். இப்போது நல்ல காலும் சேர்ந்து நொண்டியது.

"இன்னா நைனா, டான்ஸா?" தபிதா அட்டையைப் பிடுங்கி எறிந்தாள்.

"ஆவாதும்மா. அந்த ஜாபேஸையே..." ஏசுரத்தினம் ஷூவைக் கழற்றி மூலையில் போட்டார்.

"சும்மா இரு நைனா. நீதான் வர்ற. நீ சாயறப்ப நானும் கூடவே சாயறேன். ரெண்டு பேரும் ஒண்ணா சாஞ்சா யாருக்குத் தெரியப் போவுது?"

மூன்று வாரமும் நடுவீட்டில் அப்படியே நடந்தார்கள். மூன்றாவது அடியில் அவர் சாய்வார், அவளும் சாய்வாள்.

கல்யாணத்தன்று புதுக் கோட்டோடு சர்ச் வாசலில் நின்றிருந்தான் ஜாபேஸ். "மாமா, கஷ்டமா இருந்தா சொல்லுங்க. நான் ரெடியாத்தான் கீறேன்."

அவ்வளவுதான், ஏசுரத்தினத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மகளின் கையைப் பிடித்தார். குதிகால், விரல். குதிகால், விரல். பார்வையை ஆல்டரை விட்டு எடுக்கவேயில்லை. பாதி வழியில் மாப்பிள்ளை வீட்டார் பக்கம் குசுகுசுவென்று பேச்சு கிளம்பியது. போச்சு, பார்த்துவிட்டார்கள்! வியர்த்துக் கொட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். மாப்பிள்ளை கிஷோரின் பக்கத்தில் மகளைக் கொண்டுபோய் நிறுத்திய பிறகுதான் அவருக்கு மூச்சே வந்தது.

முன் பெஞ்சில் உட்கார்ந்து, "நொண்டினேனா?" என்று மனைவியிடம் கிசுகிசுத்தார்.

"ஒரு அடி கூட இல்லீங்க!" ஜெபமணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பக்கத்து வரிசையிலிருந்து மாப்பிள்ளையின் பெரியம்மா எட்டிக் குனிந்தாள். "நீங்க ஜம்முனுதான் நடந்தீங்க சம்மந்தி. பொண்ணுக்குக் காலு இப்பிடின்னு நிச்சயத்தப்பவே ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"