கூடத்தில் ஓர் ஓடம்

கோச்சடை வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி, "இறங்கு நாகு" என்று சொன்ன பிறகுதான் ஹாலாஸ்யம் திரும்பிப் பார்த்தார். பின்சீட்டில் யாரும் இல்லை. காளவாசலில் பூ வாங்க இறங்கிய மனைவியை அங்கேயே விட்டுவிட்டு, வழி நெடுக அவளோடு பேசிக்கொண்டே வந்திருக்கிறார்.

ஆட்டோவில் வந்து இறங்கிய நாகலக்ஷ்மி கோபப்படவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"ஏன்னா, ஒருநாள் என்னையே யாருன்னு கேப்பேளா?" என்றாள் மெதுவாக.

டாக்டர் ராஜஸ்ரீ ரிப்போர்ட்டைப் பார்த்தார். "சுகர், பிரஷர், கொழுப்பு, தொப்பை எல்லாம் சேர்ந்து வந்திருக்கு சார். மெடபாலிக் சிண்ட்ரோம். மூளையையும் கொஞ்சம் மந்தமாக்கும். தினம் நடங்க."

"நடக்க விட்டா திரும்பி வரணுமே டாக்டர்!" என்றாள் நாகலக்ஷ்மி.

"அப்ப வீட்டுலேயே உடம்பை அசைச்சு ஆடற வீடியோ கேம் ஆடச் சொல்லுங்க. கையும் வேலை செய்யும், கவனமும் வேலை செய்யும்."

வீடியோ கேம் கடையிலிருந்து மலைச்சாமி வந்து, டிவிக்கு மேல் ஒரு குட்டிக் கேமராவை மாட்டிவிட்டுப் போனார். ஆள் துடுப்புப் போடுவதுபோல் கையை வீசினால், அதைக் கேமரா பார்த்து, திரையில் ஓடம் நகரும்.

படுக்கையறையில் வீசினார், அலமாரிக் கண்ணாடி போனது. டிவியைக் கூடத்துக்கு மாற்றினார். வீசிய கை ஃபேனில் பட்டது. கடைசியில் சமையலறை வாசலுக்கு நேரெதிரே டிவியை வைத்து, ஃபேனுக்குத் தப்பிச் சுவரோரமாக ஒண்டி நின்றார். அங்கேதான் ஓடம் பறந்தது.

திரையில் எப்போதும் விடியற்காலை. பனி மூடிய ஏரி. தாமரை இலைகள் விலகி வழிவிட, கொக்குகள் சத்தமில்லாமல் எழும்பின. வைகையில் இம்புட்டுத் தண்ணீரை அவர் பார்த்ததே இல்லை. சில சமயம் கண்ணை மூடிக் கையைத் தொங்கவிட்டாலும் ஓடம் மிதந்துகொண்டே போனது. தன் மனசே துடுப்பாகிவிட்டது என்று நினைத்துச் சிலிர்த்துப்போனார்.

"நாகு, நீயும் உடம்பை அசைக்கணும். நாள் பூரா அடுப்படியில சும்மா நிக்கறே."

"சரின்னா" என்றாள் நாகலக்ஷ்மி, தேங்காய் துருவியபடியே.

தொப்பை குறைந்தது. மறந்திருந்த பெயர்களெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. டாக்டர் வைத்த ஞாபகப் பரீட்சையில் தேறியும் விட்டார்.

நாகலக்ஷ்மி திருப்பரங்குன்றம் கோயிலுக்குப் போன காலையில் ஓடம் நின்றுவிட்டது. வீசினார், அசையவில்லை. சட்டையைக் கழற்றிவிட்டு வீசினார். தன்னைக் கேமராவுக்குத் தெரியவில்லையோ என்று நாற்காலி மேல் ஏறி வீசினார். நாற்காலி சறுக்க, திரைச்சீலையைப் பிடித்தார்; அது கம்பியோடு தலையில் விழுந்தது.

திரைச்சீலைக்குள்ளிருந்தபடியே மலைச்சாமிக்குப் போன் போட்டார். "அய்யா, என் மூளை நின்னு போச்சு. உடனே வாங்கோ!"

மலைச்சாமி வந்து ஒயரைப் பிடுங்கிச் சொருகிக்கொண்டிருந்தபோது நாகலக்ஷ்மியும் திரும்பி வந்தாள். ஏதோ ரிப்பேர் என்று நினைத்து, நேரே உள்ளே போய்ச் சப்பாத்தி தேய்க்க ஆரம்பித்தாள். ஓடம் குதித்துக்கொண்டு கிளம்பியது.

"பார்த்தேளா! மனசு அமைதியானதும் போறது!" என்றார் ஹாலாஸ்யம், கண் கலங்கி.

மலைச்சாமி திரையைப் பார்த்தார். சமையலறையைப் பார்த்தார். தயங்கித் தயங்கித்தான் சொன்னார்:

"அண்ணே, மிஷின்ல கோளாறு ஒண்ணும் இல்ல. இது நேர் எதிர்ல தெரியிற ஒரு ஆளைத்தான் பிடிக்கும், சுவரோரம் நிக்கிறவங்க தெரிய மாட்டாங்க; இங்க வச்ச நாள்லேருந்து அது பிடிச்சு வச்சிருக்கது உங்கள இல்ல, உள்ள மாவு தேய்க்கிற அக்காவ."