ஆடி கழியட்டும்

எதையும் நாளைக்கு என்று தள்ளிப்போடும் பழக்கத்தை ஒழித்துக்கட்டுவது என்று 1951-ஆம் வருஷம் ஜனவரி முதலாம் தேதி காலையில் முடிவெடுத்தேன். ஆனால் அது மார்கழி மாதம். மார்கழியில் நல்ல காரியம் ஆரம்பிக்கலாமா? தை பிறக்கட்டும் என்று விட்டேன். தை பிறந்தது, பூசம் முடியட்டும் என்று பட்டது. பூசம் முடிந்தது, மாசிப் பனியில் உடம்பு வணங்கவில்லை. பங்குனியில் வருஷமே முடியப்போகிறது, இனிமேல் என்ன? சித்திரையில் புது வருஷத்தோடு தொடங்கினால்தான் மரியாதை. அதற்குப் பிறகு வைகாசியும் ஆனியும் எங்கே போயின என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

என்னைச் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். பசறைக்கு மேற்கே மூன்று கட்டை தூரத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கணக்கப்பிள்ளை. பெயர் இராசையா. விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் நின்று ஆட்களின் பேர் பதிகிறவன். ஐந்து நிமிஷம் பிந்தி வருகிறவனைப் பார்த்து, "நேரம்னா என்னான்னு தெரியுமாடா?" என்று நான் போடும் சத்தத்தில் துரை பங்களா நாய் எழுந்து குரைக்கும். ஊரார் காரியத்தில் நான் கடிகாரம். என் காரியத்தில்தான் பஞ்சாங்கம்.

அந்தப் பஞ்சாங்கம் இல்லாவிட்டால் நான் என்றைக்கோ கெட்டுப்போயிருப்பேன். அதாவது, வேலை செய்து கெட்டுப்போயிருப்பேன். கூரைத் தகரத்துக்கு ஆணி அடிக்கச் சொல்கிறாளா? இன்றைக்கு அட்டமி. பசறைக்குப் போய்வரச் சொல்கிறாளா? திங்களும் சனியும் கிழக்கே சூலம். அதற்கும் அடங்கவில்லையென்றால் ராகுகாலம், எமகண்டம், கரிநாள். ஒரு மனுஷன் ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு நம் முன்னோர்கள் எவ்வளவு வசதி செய்துவைத்திருக்கிறார்கள்!

என் மனைவி பெயர் பெரியாயி. பெயரில் மட்டும் பெரியவள் என்று நினைத்து, நமுனுகுல கங்காணி வீட்டில் பெண் எடுத்தேன். தோட்டத்துக்கு ஒரு பெரிய துரை என்றால் என் வீட்டுக்கு இவள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விஷயம் ஒரு ஃபாரம். இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டு மனுப் போடும் ஃபாரம். தோட்டத்து ஜனங்களுக்கு உரிமை இல்லை என்று சட்டம் போட்டுவிட்டார்கள். இங்கேயே பிறந்து இங்கேயே இருக்கிறவன், 'ஐயா, நான் இங்கேதான் இருக்கிறேன்' என்று எழுதிக் கேட்க வேண்டும். முதலில் தலைவர்கள் 'போடாதே' என்றார்கள். என் ஆயுளில் ஒரு கட்டளையை நான் முழுமனதோடு நிறைவேற்றினேன் என்றால் அதுதான். பிறகு 'போடு' என்றார்கள். அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது. கடைசி நாள் ஆகஸ்ட் ஐந்து. அதற்குப் பிறகு அழுது புரண்டாலும் வாங்கமாட்டார்கள்.

லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பேருக்கு நான்தான் ஃபாரம் நிரப்பிக் கொடுத்தேன். என்னுடையது மட்டும் சுவாமி படத்துக்குப் பின்னால் சொருகிக் கிடந்தது.

"ஏங்க, நம்ம ஃபாரம் என்னாச்சு?"

"அதுக்கென்ன, போட்டுரலாம்."

"எப்ப?"

"ஆடி பொறந்துருச்சு பெரியாயி. ஆடியில எவனாவது நல்ல காரியம் செய்வானா? ஆடி கழியட்டும்."

"ஆகஸ்ட்டு அஞ்சுன்னா ஆடி இருபதுங்க! ஆடி கழியிறப்ப ஃபாரமும் சேந்து கழிஞ்சிரும்!"

"மாசம் பாக்காமப் போட்டா மனு எப்பிடி ஜெயிக்கும்?"

"போட்டாத்தானேங்க ஜெயிக்கிறதும் தோக்கிறதும்? லீலாவ பள்ளிக்கூடத்துல நீ எந்த ஊருன்னு கேட்டிருக்காங்க. பசறைன்னு சொல்லிருக்கு. அதுக்குக் கடுதாசி எங்கடின்னு நாளைக்கு ஒருத்தன் கேட்டா எம்புள்ள எதைக் காட்டும்? உங்க பஞ்சாங்கத்தையா?"

சொல்லும்போது அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது. பன்னிரண்டு வயதுப் பெண், எட்டு வயதுப் பையன். என் ஒரு கையெழுத்தில் இரண்டு பேரும் தொங்கிக்கொண்டிருக்கிறார்கள். தெரியும். எல்லாம் தெரிந்தும் நான் பஞ்சாங்கத்தைத்தான் எடுத்து விரித்தேன்.

ஏன் என்று கேட்பீர்கள். உங்களிடம் சொல்வதற்கென்ன, நீங்கள் பெரியாயியிடம் சொல்லப்போவதில்லை.

தள்ளிப்போடுகிறவன் எல்லாம் சோம்பேறி என்று நினைப்பது தவறு. அவனைப் பிடித்து உலுக்கினால் உள்ளே ஒரு பயம் இருக்கும். என் பயம் அந்த ஃபாரத்தில் இருந்தது. பிறந்த தேதி என்று ஒரு கட்டம். அதற்கு அத்தாட்சியும் வைக்க வேண்டும். பெண் பார்க்கப் போனபோது கங்காணி, "முப்பதுக்கு மேல மாப்புள வேணாம்" என்று கறாராகச் சொல்லியிருந்தார். எனக்கு அப்போது முப்பத்து மூன்று. இருபத்தாறு என்று சொல்லிவிட்டேன். ஒன்றிரண்டைக் குறைத்திருக்கலாம். மீசை நன்றாக இருந்த தைரியத்தில் ஒரே வெட்டாக ஏழு வருஷத்தை வெட்டிவிட்டேன். அன்று தொட்டு இன்றுவரை அந்த ஏழு வருஷத்துக்காக மீசைக்கு மை தடவிக்கொண்டிருக்கிறேன். பெரியாயி கணக்கில் எனக்கு நாற்பத்தொன்று. பிறப்புப் பத்திரத்தின் கணக்கில் நாற்பத்தெட்டு. அந்தப் பத்திரம் டிரங்குப் பெட்டியின் அடியில், கல்யாண வேட்டியின் மடிப்புக்குள் தூங்குகிறது. அது இங்கிலீஷில் இருக்கிறது, பெரியாயிக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் 1903 என்பது எந்தப் பாஷையிலும் 1903தானே?

கையெழுத்துப் போட ஜே.பி. என்கிற சமாதான நீதவான் முன்னால் போகவேண்டும். அவளும் கூடவே வருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். "நீங்க தனியாப் போனா பாதி வழியில சகுனம் பாத்துத் திரும்பிருவீங்க" என்கிறாள். ஜே.பி. வந்து உட்காரும் பசறைக் கடையில், மனு எழுதும் வாஹித் நானா பெரிய குரலில், "பிறந்தது ஆயிரத்துத் தொளாயிரத்து மூணு" என்று வாசிப்பார். பிறகு நான் எந்த முகத்தோடு வீட்டுக்கு வருவது?

ஆடி பிறந்து ஒரு வாரம் போனது. ஒருநாள் பெரட்டு முடிந்து வீட்டுக்கு வந்தால் வாசலில் துணிமூட்டை. பெரியாயி புடவை மாற்றிக்கொண்டு நிற்கிறாள். பிள்ளைகள் இரண்டும் எண்ணெய் வைத்துத் தலைவாரி, ரெடி.

"எங்க பயணம்?"

"எங்க அம்மா வீட்டுக்கு."

"எதுக்கு?"

"ஆடி மாசமுங்க. ஆடியில புருசனும் பொண்டாட்டியும் ஒரு வீட்டுல இருக்கக்கூடாதில்ல?"

"அடிப்பாவி! அது புதுசாக் கல்யாணம் ஆனவங்களுக்குடி!"

"அதனால என்னங்க? கல்யாணமான மறுநாள் கூரைக்கு ஆணி அடிக்கிறேன்னு சொன்னீங்க, அது இன்னும் புதுசாத்தான் இருக்கு. அடுப்புக்கு மேடை கட்டுறேன்னு சொன்னீங்க, அதுவும் புதுசு. நம்ம வீட்டுல எதுங்க பழசு?"

"புள்ளைங்க பள்ளிக்கூடம்?"

"எங்க தோட்டத்துலயும் பள்ளிக்கூடம் இருக்கு. ஃபாரம் சாமி படத்துக்குப் பின்னால இருக்கு. போட்டுட்டு வந்து கூப்புடுங்க, வர்றேன். இல்லாட்டி ஆடி கழியட்டும். அடுத்த ஆடியும் கழியட்டும்."

போயேவிட்டாள்.

முதல் நாள் ராஜாவாக இருந்தேன். இரண்டாம் நாள் கோதுமை மாவைப் பிசைந்து ரொட்டி சுட்டேன். அதைக் கிழிக்கக் கையால் முடியவில்லை, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திதான் தேவைப்பட்டது. மூன்றாம் நாள் மழை. பதினைந்து வருஷமாக எனக்கு ஒழுகாத கூரை என் பாய்க்கு நேரே ஒழுகியது. இத்தனை காலமும் பெரியாயி எங்கெங்கே சட்டி வைத்து அதைச் சமாளித்தாள் என்று எனக்குத் தெரிந்திருந்தால்தானே?

பக்கத்து வீட்டு டீமேக்கர் சிவஞானம் வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்தார்.

"என்ன கணக்கப்பிள்ளை, வீட்டுல புகை? தீப்பிடிச்சிருச்சா?"

"பருப்பு வேகுதுங்க."

"பருப்பா? நான் சப்பாத்துத் தோல் எரியுதோன்னு நெனச்சேன். வீட்டுக்கார அம்மா எப்ப வர்றாங்க?"

"ஆடி கழியட்டும்னாங்க."

"நாங்க போன வருசமே மனுப் போட்டுட்டோம். நீங்க?"

"நமக்கென்னங்க அவசரம்?"

"இன்னிக்கு முப்பத்தோராந் தேதிங்க!"

கையில் இருந்த அகப்பை நழுவிப் பருப்பில் விழுந்தது.

அந்த நிமிஷத்தில்தான் எனக்கு மூளை வேலை செய்தது. என்ன மடையன் நான்! பெரியாயி நமுனுகுலவில் இருக்கிறாள். வாஹித் நானா பசறையில் இருக்கிறார். இவர் அங்கே உரக்க வாசித்தால் அவளுக்கு எப்படிக் கேட்கும்? தனியாகப் போய், தனியாக எழுதி, தனியாகக் கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்த்துவிட்டால் பிள்ளைகளுக்கு உரிமை, பெரியாயிக்குச் சந்தோஷம், எனக்கு நாற்பத்தொன்று! என்னை வழிக்குக் கொண்டுவருவதாக நினைத்துக்கொண்டு, போகிற போக்கில் வழியைத் திறந்துவிட்டுப் போயிருக்கிறாள் பைத்தியக்காரி. கங்காணி மகளாக இருந்தாலும் கணக்கப்பிள்ளையிடம் வாலாட்ட முடியுமா?

மறுநாள் புதன்கிழமை. துரையிடம் லீவு கேட்டு, பத்திரத்தை வேட்டி மடிப்பிலிருந்து எடுத்து, காலை பஸ்ஸில் பசறைக்குப் போனேன். பெட்டிசம் எழுதும் வாஹித் நானா கடையில் கூட்டம் அலைமோதியது. அப்போதுதான் தெரிந்தது, ஆடி கழியட்டும் என்று காத்திருந்தவன் நான் ஒருவன் மட்டும் இல்லை. ஆளுக்கொரு பஞ்சாங்கம்!

"வாங்க தொரை," என்றார் நானா. "ஊருக்கெல்லாம் எழுதினீங்க. ஒங்களுக்கு எழுத நான் வேணுமா?"

"எழுதி எழுதிக் கை ஓஞ்சிருச்சு நானா. நீங்களே எழுதுங்க."

"பொறந்தது?"

அக்கம்பக்கம் பார்த்தேன். அவர் காதோடு வாய் வைத்துச் சொன்னேன்.

"ஆயிரத்துத் தொளாயிரத்து மூணா!" என்று கடையே அதிரக் கத்தினார் மனுஷன். "மாஷா அல்லாஹ், மீசைய பாத்தா தெரியல்லியே!"

கத்தட்டும். நமுனுகுலவுக்கா கேட்கப்போகிறது?

ஜே.பி. ஐயா வரும்போது மணி பன்னிரண்டே கால். புதன்கிழமை பன்னிரண்டு முதல் ஒன்றரை ராகுகாலம். பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டு ஒரு கணம் தயங்கினேன். பின்னால் நின்றவன், "போடுங்கய்யா, எங்களுக்கும் நேரமாகுது" என்று முதுகில் தட்டினான். பெரட்டுக்களத்தில் நான் போடும் அதே சத்தம். போட்டேன். ஆடி மாதத்தில், ராகுகாலத்தில் கையெழுத்துப் போட்டேன். வானம் இடிந்து விழவில்லை. சொல்லப்போனால் மனசு அவ்வளவு லேசாக இருந்தது. இந்த ஒரு நிமிஷ வேலைக்காகவா ஒரு வருஷம் செத்துப் பிழைத்தோம் என்று எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. பதிவுத் தபாலில் கொழும்புக்கு அனுப்பினேன். பத்திரத்தின் நகலும் அதனோடு போயிற்று. ரசீதைச் சட்டைப் பையில் பத்திரப்படுத்திக்கொண்டு, நேரே நமுனுகுல பஸ்ஸில் ஏறினேன்.

பஸ் இறக்கிவிட்ட இடத்திலிருந்து மாமனார் வீட்டுக்கு நல்ல ஏற்றம். மூச்சு வாங்கியது. ஆனாலும் வாசலுக்குப் பத்தடி இருக்கும்போதே நெஞ்சை நிமிர்த்தி, மூச்சை அடக்கி, நாற்பத்தொரு வயதுக்காரனாக நடந்தேன்.

பெரியாயி முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ரசீதை எடுத்து நீட்டினேன்.

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் வந்துவிட்டது. ரசீதைக் கண்ணில் ஒற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"மெய்யாலுமே போட்டுட்டீங்களா?"

"போட்டேன். ஆடியில போட்டேன், ராகுகாலத்துல போட்டேன். இந்த இராசையா மனசு வச்சா அவ்வளவுதான்!"

"ஒத்தையிலதானே போனீங்க?"

"ஒத்தையிலதான். பின்ன, எனக்குத் துணையா வேணும்?"

"அதான். நான் கூட இருந்தா நீங்க அந்தக் கடை வாசப்படிய மிதிக்க மாட்டீங்கன்னுதான் இங்க வந்து உக்காந்தேன்."

எனக்குச் சுரீர் என்றது.

"நீ இருந்தா என்னவாம்?"

"வருசா வருசம் டிரங்குப் பெட்டியத் தொறந்து, உங்க கல்யாண வேட்டிய ஒதறி வெயில்ல காயப்போடுறது யாருங்க?"

மீசையைத் தடவப்போன கை அப்படியே நின்றுவிட்டது. அவள் அதற்குமேல் என்னைப் பார்க்கவில்லை. உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"லீலா! அப்பாவுக்கு ஒரு நாக்காலி கொண்டாந்து போடு. நாப்பத்தெட்டு வயசுல மூச்சுப் பிடிச்சுக்கிட்டு ஏத்தம் ஏறி வந்திருக்காரு."