எலியரும் தையல் போட்ட எலியும்

எலியரைப்போலக் கவலைப்படத் தெரிந்த இன்னொரு மனிதர் வாவிக்கு இக்கரையிலும் இல்லை, அக்கரையிலும் இல்லை. வானம் இருண்டால் கூடுகள் நனையுமே என்று கவலை. இருளாவிட்டால் எலிகள் வெந்துபோகுமே என்று கவலை. ஒன்றுமே இல்லாத நாளில், "ஏன் புள்ள, இண்டைக்கு ஒண்டும் நடக்கல்ல?" என்று முகம் வெளிறி நிற்பார்.

வவுணதீவுப் பக்கம் எங்கள் சின்ன ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்கு அவர்தான் பொறுப்பு. சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். நான் அங்கே ஆராய்ச்சி மாணவி. ஓர் எலியின் வயிற்றிலுள்ள பெரிய இரத்தக்குழாயில் ஒரு துண்டை எடுத்து, வேறு இன எலிக்குள் வைத்துத் தைப்பேன். அந்த உடம்பு அதை ஏற்றுக்கொள்கிறதா, அந்நியம் என்று அழிக்கிறதா என்று பார்ப்பதுதான் என் படிப்பு.

தைத்த குழாய் அடைத்தால் எலியின் பின்னங்கால்கள் குளிர்ந்துவிடும். அதனால் எலியர் தினமும் ஒவ்வொரு காலாகத் தொட்டுப் பார்ப்பார். ஒருநாள், "ஓடி வாங்க புள்ள! எல்லாக் காலும் ஐஸாக் கிடக்கு!" என்று அலறினார். செருப்பும் போடாமல் ஓடினேன். எலிகள் சுகமாகத் தின்றுகொண்டிருந்தன. எலியர் அதுவரை கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்தக் கையால் தொட்டிருந்தால் என் காலும் ஐஸாகத்தான் இருந்திருக்கும்.

எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான் போடுவார். கேட்டால், "நுளம்பு கடிக்கும், புள்ள" என்பார். உச்சி வெயிலில் ஏது நுளம்பு?

போர் முடிகிற தறுவாய். மிஞ்சியிருந்த கடைசி எலியைப் பரிசோதனைக்கு நகரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அதுவும் போனால் என் இரண்டு வருட உழைப்பு அம்போ. எலியரும் நானும் புறப்பட்டோம். பாலத்துச் சோதனைச்சாவடியில் சிப்பாய் எலிப்பெட்டியைத் திறந்தார்.

"இது என்ன? வயிறு தைச்சது?"

எலியருக்குப் பொய் வராது. "உள்ளுக்குக் குழாய், சேர்."

"என்ன குழாய்?"

"ரத்தக்குழாய். வேற எலிட, சேர்."

"வேற எலிது இதுக்குள்ள ஏன்?"

"பிடிக்குமா எண்டு பாக்க, சேர்."

ஒவ்வொரு பதிலுக்கும் சிப்பாயின் முகம் இறுகியது. "வெட்டிக் காட்டு. என்ன ஒளிச்சது பாக்கணும்."

பல்லி சொன்னாலே பயணத்தை ஒத்திப்போடும் எலியர், பொத்தானைக் கழற்றிச் சட்டைக்கையைச் சுருட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு மேல்வரை தழும்பு.

"எனக்கும் இப்பிடித்தான் தைச்சிரிக்கி, சேர். சுனாமியில தகரம் வெட்டினது. கால்ல இருந்து குழாய் எடுத்து இதுக்குள்ள வெச்சாங்க. என்ட சொந்தக் குழாய், பிடிச்சிட்டு. இது பாவம், இதுக்கு வேறாள்ட. வெட்டினாச் செத்துரும், சேர்."

அப்போதுதான் அந்த நுளம்புக் கதை எனக்கு விளங்கியது. தழும்பைக் கண்டாலே போராளி என்று சந்தேகப்பட்ட காலம் அது. நாலு வருடமாக மறைத்ததை மனுசன் ஓர் எலிக்காகத் திறந்து காட்டிவிட்டார்.

சிப்பாய் எலியை மறந்தார். எலியரை உள்ளே கொண்டுபோனார்கள்.

இரண்டு மணித்தியாலம். வீட்டில் மனைவிக்கு என்ன சொல்வேன், எந்த முகாமில் தேடுவேன் என்று ஏதேதோ ஓடியது. கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் வெளியே வந்தார். சுனாமிக் காயத்துக்குத் தையல் போட்ட ஆஸ்பத்திரித் துண்டுச்சீட்டை எட்டாக மடித்து எந்நேரமும் சட்டைப்பையில் வைத்திருந்தாராம். கவலைப்படுகிறவர் அல்லவா? அதிகாரி படித்துப் பார்த்துவிட்டு, "போ" என்றிருக்கிறார்.

வந்தவர் என்னைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்தார். அது வெயிலில் கிடந்தது.

"படிச்ச புள்ளதானே நீங்க? மண்டைக்குள்ள என்ன இரிக்கி? நிழல்ல வெக்கத் தெரியாதா?"

அவர் என்னை ஏசியது அன்றுதான். பாலத்தடியில் நின்று விம்மி விம்மி அழுதேன். மனுசன் பதறிப்போனார். "அழாதீங்க புள்ள. எலிக்கு ஒண்டுமில்ல, நல்லா மூச்சு விடுது."

எலி பத்திரமாய் நகரம் போய்ச் சேர்ந்தது. என் படிப்பும் முடிந்தது. எலியர் பிறகும் பார்க்கிறவர்களிடமெல்லாம், "எலிக்காக அழுத புள்ள" என்றே என்னை அறிமுகப்படுத்தினார். ஒருநாளும் நான் அதைத் திருத்தவில்லை.

எலிக்காக இல்லை, எலியர்.