நான் தின்ற எலுமிச்சைத் தோட்டம்

அரசாங்க வேலையில் இருந்துகொண்டு எதையாவது தின்றவர்கள் அதை வெளியே சொல்வதில்லை. நான் சொல்லிவிடுகிறேன். ஒருவருடைய எலுமிச்சைத் தோட்டத்தைத் தயிர்சோற்றுக்குத் தொட்டுக்கொண்டு தின்றவன் நான்.

அறுபதுகளின் கடைசியில் காரைக்குடியில் விவசாய உதவியாளனாகச் சேர்ந்திருந்தேன். வேலை நிரந்தரமாகவில்லை, தலைக்கனம் மட்டும் நிரந்தரமாகியிருந்தது. மானகிரியில் சேவுகன் அண்ணனின் எலுமிச்சை மரங்கள் வெளுத்துப்போய்க் காய்ப்பு நின்றிருந்தது. மண் பரிசோதனையில் ஒரு குறையும் தெரியவில்லை. “இலையைச் சோதித்தால் எந்தச் சத்து குறைகிறதென்று தெரிந்துவிடும்” என்று அவருக்கு அரைமணி நேரம் பிரசங்கம் செய்தேன். (அவர் பேசியது, “தண்ணி குடிக்கிறீகளா?” மட்டும்தான்.)

பறித்த இலைகளை அலசித் துடைத்து, நான் குடியிருந்த, நகை செய்யும் பத்தர் வீட்டு அறையில் நிழலில் உலரப் போட்டுவிட்டு, கீழச்சிவல்பட்டிக்கு இரண்டு நாள் வேலையாகப் போனேன். திரும்பியதும் பத்தரின் மனைவி தனபாக்கியம் அக்கா தயிர்சோறு போட்டார். கூடவே வேப்பிலைக்கட்டி. என்ன ருசி! இரண்டாவது உருண்டையும் கேட்டு வாங்கித் தின்றேன்.

“எல்லாம் நீங்க காயப்போட்ட இலைதான் தம்பி. எலுமிச்ச இலைய அலசித் தொடச்சு நெழல்ல வேற போட்டிருந்தீக. கேக்கக் கூச்சப்படுறீகன்னு நானே இடிச்சுட்டேன்” என்றார். (வேப்பிலைக்கட்டிக்குப் பெயரில்தான் வேப்பிலை, இடிப்பதெல்லாம் எலுமிச்சை இலையைத்தான்.)

மறுநாள் இலை சோதனைக்கூடத்துக்குப் போயாக வேண்டும். மானகிரிக்குப் போய் மறுபடி பறிக்க வெட்கம். பத்தர் வீட்டுக் கிணற்றடியில் எலுமிச்சை மரம் ஒன்று கொழுகொழுவென்று நின்றது. அதன் இலைகளை அவசரமாக உலர்த்தி, சேவுகன் அண்ணனின் பெயரை எழுதி அனுப்பினேன். (இப்போது எழுதும்போதும் காது சுடுகிறது.)

சத்துக் குறை ஏதுமில்லை என்று முடிவு வந்தது. அதை அவரிடம் கொடுத்துவிட்டு வந்தவன், ஒரு வாரம் கழித்து மனசு கேட்காமல் சைக்கிளை மிதித்தேன். சேவுகன் அண்ணன் கோடரியோடு நின்றார். முதல் மரத்தில் இரண்டு வெட்டு விழுந்திருந்தது.

“எல்லாச் சத்தும் இருந்தும் காய்க்கலன்னா மலட்டு மரந்தான தம்பி? வெட்டிட்டுக் கடலை போடப்போறேன்.”

ஓடிப்போய் மரத்தைக் கட்டிக்கொண்டேன். முள் குத்தியதில் உண்மை முழுவதும் வெளியே வந்துவிட்டது. அவர் கோடரியைக் கீழே போடாமல் என்னையே பார்த்தார். என் வேலை போயிற்று என்று நினைத்தேன்.

“ரெண்டு உருண்டையா தின்னீக?”

“ஆமாண்ணே.”

விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு தாமே கிளையை வளைத்துப் பிடிக்க, நான் புதிதாக இலை பறித்தேன். துத்தநாகச் சத்துதான் குறை. மருந்து தெளித்தோம். அடுத்தடுத்த பருவங்களில் மரங்கள் பச்சை பிடித்துக் காய்த்தன, வெட்டு வாங்கிய மரமும்தான். அவர் என் அதிகாரியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தப் பென்ஷன் எனக்கு ஏது? அந்த உதவிக்கு நான் என்ன செய்தாலும் ஈடாகாது.

அதிகாரியிடம் சொல்லாததை என் கல்யாணப் பந்தியில் சொன்னார். “மாப்பிள தங்கமானவரு. ஆனா வெறும் இலைக்கு முன்னால உக்கார வச்சுராதீக. சோறு வாரதுக்குள்ள இலையத் தின்னுருவாரு!”

அன்றிலிருந்து எங்கள் குடும்ப விருந்துகளில் முதல் சோறு எனக்குத்தான். புதிதாக வந்த சம்பந்திகள் அதை வயதுக்குக் காட்டும் மரியாதை என்று நினைக்கிறார்கள். நானும் திருத்துவதில்லை.