பெண் வீட்டில் இன்னும் ஷபாத் முடியவில்லை

ஜெருசலேம்,
செவ்வாய்க்கிழமை

ஆண்ட்வெர்ப்பில் நூற்றிருபது வயது வரை சுகமாக இருக்கப்போகும் என் அருமை அக்கா ஃப்ரூமாவுக்கு, தம்பி மெஷுல்லாம் அன்புடன் எழுதுவது.

இங்கே நானும் ஹின்டாவும் நலம். உன் முட்டிவலி தேவலையா? அத்தான் சர்க்கரையைக் குறைத்தாரா, அல்லது குறைத்ததாகச் சொல்கிறாரா? என் மகன் எல்கானான் கல்யாணம் என்னாயிற்று என்று நீ ஒவ்வொரு போனிலும் கேட்டும் நான் பேச்சை மாற்றியதற்குக் காரணம், சொல்வதற்கு ஒன்றும் இல்லாததுதான். இப்போது இருக்கிறது. உட்கார்ந்து படி.

பையன் கம்பெனி வேலையை அரை நாளாகக் குறைத்துக்கொண்டு, மீதி நேரமெல்லாம் பிரார்த்தனை நேரம் கணிக்கும் மென்பொருள் எழுதுகிறான் என்பது உனக்குத் தெரியும். எந்த ஊரில் சூரியன் எப்போது உதிக்கும், காலைப் பிரார்த்தனையை எதுவரை சொல்லலாம், வெள்ளிக்கிழமை அந்தியில் விளக்கு எப்போது ஏற்றுவது, வண்டியும் மின்சாரமும் தொடாத ஓய்வுநாளான ஷபாத் மறுநாள் இருட்டியதும் எப்போது முடிகிறது, எல்லாம் அது சொல்லும். விலை கிடையாது. கட்டற்ற மென்பொருளாம். உள்ளே இருக்கிற கணக்கை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், குறை சொல்லலாம், திருத்தியும் அனுப்பலாம். நான் ஆயுள் பூராவும் பல் செட் செய்தவன். எவனுக்காவது ஓசியில் ஒரு பல் கொடுத்திருப்பேனா? "ஏன்டா, சோத்தை ஆக்கி வாசல்ல வெச்சுட்டு, உப்பு கம்மின்னு சொல்றவனுக்கெல்லாம் நன்றி எழுதிட்டு இருக்கியே?" என்று கேட்டேன். "உப்பு கம்மியா இருந்தா சொல்லத்தானேப்பா வேணும்?" என்கிறான். இவனை என்ன செய்வது?

குறை சொல்கிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. நார்வேயின் வடகோடியிலிருந்து ஒருவர், ஜூன் மாதம் சூரியன் மறையவே மாட்டேன் என்கிறதே, ஷபாத்தை எப்படி முடிப்பது என்று இவனிடம் சண்டைக்கு வருகிறார். சூரியனை இவன்தான் பிடித்துக் கட்டி வைத்திருக்கிற மாதிரி. மான்செஸ்டர்க்காரர் ஒருவர், உன்னால் என் மனைவி விளக்கேற்றத் தவறிவிட்டாள், முட்டாளே என்று எழுதினார். பார்த்தால் அந்த மனுஷர் ஊர்ப்பெயரில் புவனோஸ் ஐரிஸைப் போட்டு வைத்திருக்கிறார். இவனோ, "உங்கள் மனைவியிடம் என் வருத்தத்தைச் சொல்லுங்கள். இனி ஊரை ஒரு முறை கேட்டு உறுதி செய்துகொள்ளும்படி மாற்றிவிட்டேன்" என்று பதில் எழுதினான். எனக்கு ரத்தம் கொதித்தது. இந்தச் சனியனை என் போனில் ஏற்றமாட்டேன், குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் காலண்டர் எனக்குப் போதும் என்று அன்றே சபதம் செய்தேன்.

பெண் பார்க்கும் விஷயத்தில் இதுதான் முட்டுக்கட்டை. தரகர் ஷிஃப்ரா அம்மாள் முதல் கேள்வியே, "பையன் என்ன பண்றான்?" "சூரியன் எப்ப மறையும்னு சொல்றான்." "அதான் ஜன்னலைத் திறந்தாலே தெரியுதே!" இப்படியே நல்ல வரன்களெல்லாம் நழுவின. அவனுக்கு முப்பது நெருங்குகிறது. சொன்னால் என்ன, ராத்திரியெல்லாம் கவலைதான் எனக்கு. கடைசியில் ஷிஃப்ரா ஒரு வரன் கொண்டுவந்தாள். பெண் யோகெவெத், அவளும் மென்பொருள் எழுதுகிறவள். தகப்பனார் ரெப் பெரெல், பக்தியான குடும்பம். "ஷபாத் முடிஞ்சதும் போயிடுங்க" என்றாள்.

ஷபாத் முடிந்ததும் போனோம். நம் வழக்கப்படி வானத்தில் மூன்று நட்சத்திரம் எண்ணி, ஹின்டா வெள்ளிக்கிழமையே சுட்டு வைத்த தேன் கேக்கை எடுத்துக்கொண்டு, டாக்சி பிடித்துப் போனோம். அவர்கள் தெரு முனையில், ஷபாத்தில் வண்டிகளை மறிக்க வைக்கும் இரும்புத் தடுப்பு இன்னும் எடுக்கப்படவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நாலு பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் ஓடிவந்து "ஷப்பெஸ்! ஷப்பெஸ்!" என்று அவர்கள் பேச்சில் ஷபாத்தை நினைவூட்டிக் கத்த, டாக்சிக்காரன் எங்களை நடுத்தெருவில் இறக்கிவிட்டு ஓடினான். மாடி ஏறி மின்சார மணியை அழுத்தினேன். உள்ளே இருட்டில் பாடிக்கொண்டிருந்த பாட்டு சட்டென்று நின்றது. ரோமத் தொப்பியோடு ரெப் பெரெல் கதவைத் திறந்தார்.

"ஷபாத்ல மணி அடிக்கிறீங்களே, யார் நீங்க?"

"முடிஞ்சுடுச்சே!"

"உங்களுக்கு முடிஞ்சிருக்கும். எங்களுக்கு இன்னும் அரை மணிக்கு மேல இருக்கு."

அந்த நேரம் பார்த்து, ஷபாத்துக்காக அணைத்திருந்து எல்கானான் படியேறும்போது இயக்கிய போன் சட்டைப்பையில் விழித்துக்கொள்ள, அவனுடைய மென்பொருளே, "ஷபாத் முடிந்தது! நல்ல வாரம்!" என்று படிக்கட்டே அதிரக் கூவியது. அக்கா, உலகத்தில் யார் யார் வீட்டில் எந்த வழக்கப்படி ஷபாத் எப்போது முடியும் என்று அத்தனை பேருக்கும் சொல்கிறவன், பெண் வீட்டில் எப்போது முடியும் என்று பார்க்கவில்லை! கேக்கை மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம். பிறகு உள்ளே அழைத்துத் தேநீர் கொடுத்தார்கள், குறை சொல்லக்கூடாது. ஆனால் மறுநாளே ஷிஃப்ரா போன் செய்து, "நேரத்தை வெச்சுப் பொழைக்கிறவருக்கு எங்க நேரம் தெரியலையே, வேணாம்னுட்டார் ரெப் பெரெல்" என்றாள். அன்று எல்கானான் சாப்பிடவில்லை. யாரோ ஒரு மெல்பர்ன்காரருக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தான். அதைப் பார்க்க எனக்கு அழுகை வந்துவிட்டது.

இனிதான் விஷயம். சம்பந்தம் என்றால் விசாரிப்பது வழக்கம் அல்லவா? ரெப் பெரெல் எங்கள் மதகுரு ரபியை விசாரித்தார், பக்கத்து வீட்டை விசாரித்தார், நான் பல் கட்டிய ஆளைக்கூட விட்டுவைக்கவில்லை. பெண் யாரையும் கேட்கவில்லை. மென்பொருளைத் திறந்து பார்த்திருக்கிறாள். அதுதான் ஊருக்கே திறந்து கிடக்கிறதே! கணக்கு மட்டுமல்ல, இத்தனை வருஷமாக இவனைத் திட்டியவர்களும், இவன் அவர்களுக்கு எழுதிய பதில்களும் ஒன்றுவிடாமல் அதில் இருக்கின்றனவாம். மான்செஸ்டர்க்காரர் உட்பட எல்லாவற்றையும் படித்துவிட்டுத் தகப்பனாரிடம் போய், "அப்பா, இவரை இவ்ளோ பேர் திட்டியிருக்காங்க. ஒருத்தருக்குக்கூட இவர் திருப்பி ஒரு சுடுசொல் எழுதலை. நீங்க விசாரிச்சதுல இது வந்துச்சா?" என்று கேட்டாளாம். ரெப் பெரெல் தாடியைத் தடவிக்கொண்டு, "மணி அடிச்சது பையன் இல்லையே, அப்பன்தானே" என்றாராம். போகட்டும், பழி என்மேல் விழுந்தாலும் பரவாயில்லை. அன்று மாலையே அவளிடமிருந்து எல்கானானுக்கு ஒரு திருத்தம் வந்தது: யார் வீட்டுக்காவது போவதாக இருந்தால், அவர்கள் வீட்டு ஷபாத் முடியும் நேரத்தையும் சேர்த்துக் காட்ட வேண்டும். அவன் ஏற்றுக்கொண்டான். அவளும் இவனை ஏற்றுக்கொண்டாள்.

நிச்சயதார்த்தம் அடுத்த வியாழன் பகலில். எந்த வழக்கப்படி பார்த்தாலும் அது பகல்தான். ஒன்றே ஒன்றில்தான் எனக்குப் பெருமை: மனைவி கணவன் வீட்டு வழக்கத்துக்கு வருவதுதானே முறை? அந்தப் பெண்ணுக்கும் இனி மூன்று நட்சத்திரம் போதும். ரெப் பெரெலின் மகள் நம் நேரத்துக்கு வரப்போகிறாள்!

அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. உங்கள் எல்லார் வீட்டிலும் நல்ல காரியங்களே மணி அடித்துக்கொண்டு வரட்டும், கண் படாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி மெஷுல்லாம்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது எல்கானான் வந்தான். ஷபாத்தை எப்போது முடிப்பது என்று அவளோடு பேசிவிட்டானாம். "அவ நேரத்துக்கே நான் மாறிடறேன்ப்பா. அவகூட இன்னும் அரை மணி உட்கார்ந்திருக்க எனக்கென்ன கஷ்டம்?" என்கிறான். ஆக, கல்யாணத்துக்குப் பிறகு சனிக்கிழமை சாயங்காலம் என் சொந்தப் பிள்ளை வீட்டு மணியைக்கூட நான் நினைத்த நேரத்தில் அடிக்க முடியாது. மென்பொருளை என் போனில் ஏற்றிக்கொண்டேன். எழுத்து பொடியாக இருக்கிறது என்று குறை எழுதியிருக்கிறேன். நன்றி சொல்லிப் பதில் வந்திருக்கிறது, மருமகளிடமிருந்து.