ப்ளேயரே விற்காத கடை

காலை பதினொரு மணிக்குள் எதிர்க்கடையிலிருந்து ஏழு பேர் நீல உறையோடு இறங்கிப் போனதை மூத்த மருமகன் எண்ணிவிட்டார். அவருடைய கடையிலிருந்து இறங்கியது ஒரே ஒருவர். அவரும் மின்சார மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போக வந்தவர்.

எதிர்க்கடை இளைய மருமகனுடையது. இருவரும் ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள். இருவருக்கும் சினிமா டிஸ்க்கை வாடகைக்கு விடுவதுதான் தொழில். டிவிடிக்கு அடுத்தபடியாக, படம் இன்னும் பளிச்சென்று தெரியும் புது டிஸ்க் இரண்டு வகையாக வந்தது. மூத்தவர் சிவப்பு உறையில் வரும் ஹெச்டி டிவிடியை எடுத்தார். இளையவர் நீல உறையில் வரும் ப்ளூ ரேயை எடுத்தார். ஒன்றின் ப்ளேயரில் மற்றது ஓடாது.

தெருமுனையில் மாமனாரின் மூலைக்கடை. தெருவிலேயே பெரியது, காலியாகக் கிடந்தது. யார் கடையில் கூட்டம் அதிகமோ, அந்த மருமகனுக்கு ஞாயிற்றுக்கிழமை சாவி என்று அவர் சொல்லியிருந்தார்.

“நியாயமே இல்ல,” என்றார் மூத்தவர், மதியம் சாப்பிட வந்தபோது மனைவியிடம். “ரெண்டையும் படிக்கிறது ஒரே நீல லேசர்தான். என் டிஸ்க்ல தகவல் தடிப்புக்கு நடுவுல பதிஞ்சிருக்கு, பழைய டிவிடி மாதிரியே. அதனால பழைய மெஷினைக் கொஞ்சம் மாத்தினாப் போதும், அச்சடிச்சிடலாம். ப்ளேயரும் பாதி விலை. அவன் டிஸ்க்ல தகவல் மேல்தோலுக்குக் கீழேயே இருக்கு. லென்ஸ் கிட்டப் போய் பொடி எழுத்தாப் படிக்கணும். அதுக்குப் புது மெஷின், புதுப் பூச்சு, எல்லாமே கூடுதல் செலவு.”

“பொடி எழுத்துன்னா நிறைய எழுதலாமே?”

“நீ யார் பக்கம்?”

“நான் வெங்காயம் உரிச்சிட்டு இருக்கேன்.”

மறுநாள் கடை வாசலில் ஒரு பலகை நின்றது. ‘எங்கள் டிஸ்க்கில் ஓர் அடுக்குக்குப் பதினைந்து ஜிபி. ஒரு படத்துக்கு இதுவே தாராளம். இருபத்தைந்து எதற்கு?’

கணக்கு டீச்சர் நின்று முழுவதும் படித்தார். “எங்க இருபத்தஞ்சு தர்றாங்க? எதிர்லயா?” என்று கேட்டுவிட்டுச் சாலையைக் கடந்தார்.

பலகை உள்ளே போனது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிக் காட்டுவது என்று மூத்தவர் முடிவு செய்தார். அதற்கு ஒரு ப்ளூ ரே ப்ளேயர் வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு எதிர்க்கடைப் படியேறினார்.

“வாங்கண்ணே! ப்ளேயரா? கையக் குடுங்க!” இளையவர் குதித்தார். “நாலு மாசத்துல நான் விக்கிற முதல் ப்ளேயர் இதுதான்!”

மூத்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அப்போ உன்கிட்ட டிஸ்க் எடுக்கிறவங்க எதுல போட்டுப் பாக்கிறாங்க?”

“தெரியலண்ணே. வர்றாங்க, எடுக்கிறாங்க, ஒழுங்காத் திருப்பிக் குடுக்கிறாங்க. வர்றவங்கள நிறுத்தி விசாரிக்கவா முடியும்?”

இதுவரை ஒரு கடையைப் பார்த்து வயிறு எரிந்தது. இப்போது ஓர் அதிசயத்தைப் பார்த்து எரிந்தது. ப்ளேயர் இல்லாமல் டிஸ்க்கைக் கொண்டுபோய் என்னதான் செய்கிறார்கள்? முகம் பார்க்கும் கண்ணாடியாகவா மாட்டுகிறார்கள்?

மூத்தவர் கடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்த இரண்டு டிவியிலும் ஒரே படம் ஓடியது. தையல்காரர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு?”

“அதான்! அதேதான் நான் சொல்ல வர்றது!”

“ஒரு வித்தியாசமும் இல்லன்னா எதிர்லயே எடுத்துக்கிறேங்க.”

வியாழக்கிழமை மூத்தவர் துணிந்துவிட்டார். உறுப்பினராகச் சேருபவர்களுக்கு ப்ளேயர் இலவசம்! சாயங்காலத்துக்குள் இருபது ப்ளேயர் போய்விட்டது. அன்று அவர் நன்றாகத் தூங்கினார்.

வெள்ளிக்கிழமை சிவப்பு உறை கேட்டு ஒருவரும் வரவில்லை. இலவச ப்ளேயர் வாங்கிப்போன முடிதிருத்துபவரைத் தெருவிலேயே மறித்தார்.

“ப்ளேயர் எப்படி?”

“அற்புதங்க! பழைய டிவிடியப் போட்டாக்கூடப் புதுசு மாதிரி காட்டுது. வீட்டுல பெட்டி நிறைய பழசு கிடக்கு. இனிமே வாடகைக்கே எடுக்க வேண்டாம்!”

சனிக்கிழமை மாலை, எதிர்க்கடையில் வரிசை படியைத் தாண்டி நின்றது. வரிசையின் ஓரத்தில் மாமனார் நின்று தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடித்ததும் இளையவரின் தோளில் தட்டினார். மூத்தவர் ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

கதவைத் திறந்தால் டிவியில் படம் கண்ணாடி மாதிரி தெரிந்தது. மனைவியும் மகளும் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சோபாவில் நீல உறை.

“அடிப்பாவிகளா! வீட்டுக்குள்ளேயேவா?”

“கத்தாதீங்க. என் தங்கச்சிதான் குடுத்து விட்டா,” என்றாள் மனைவி.

அவர் டிவிக்கு அடியில் குனிந்து தேடினார். “நம்ம வீட்டு ப்ளேயர்ல இது ஓடாதே! அவன்கிட்ட வாங்கினது கடையில பூட்டிக் கிடக்கு! எதுல ஓட்டுறீங்க? எதுலதான் இந்தத் தெருவே ஓட்டுது?”

மகள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“பிறந்தநாளுக்கு நீங்க வாங்கித் தந்த வீடியோ கேம் பெட்டியிலதாம்பா. சித்தப்பா வீட்டுக்கு முந்தி நம்ம வீட்டுல இருக்கணும்னு தெருவுலயே முதல் ஆளா ஓடிப்போய் வாங்கினீங்களே, அதைப் பாத்துத்தானே எல்லாரும் அடம்பிடிச்சு அவங்கவங்க அப்பாவ வாங்க வச்சாங்க? அதுலயே ப்ளூ ரேயும் ஓடும். தனியா ப்ளேயரே வேண்டாம்.”